வெள்ளத்துல போன கடைக்கு 1 லட்சம் வாங்குன கதை

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பஜார்ல சின்னதா ஒரு ஜவுளிக்கடை வச்சிருக்கேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் நிவாரணம், லோன்னு நான் அலைஞ்ச அலைச்சலை ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் எழுதுறேன்.

17ஆம் தேதி ஞாயித்துக்கிழமை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ராத்திரியோட ராத்திரியா தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. பாலத்துக்கிட்ட ரோட்டையே அறுத்துட்டுப் போச்சு, கரண்டும் இல்ல டவரும் இல்ல, நான் கடை ஷட்டரை கம்பி போட்டு நெம்பித் திறக்க நாலு நாள் ஆச்சு. பொங்கலுக்குன்னு எறக்குன சரக்கு பூரா சேறு. வெள்ளை வேட்டியில நைட்டி சாயம் ஏறி ஊதாவா கெடக்கு, பண்டலைப் பிரிச்சா புளிச்ச மாவு மாதிரி ஒரு வாடை.

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணுனேன். வாடை தாங்காம, பாக்கவும் மனசு தாங்காம, எல்லாத்தையும் தெருவுல அள்ளிப்போட்டு, குப்பை லாரி வந்து ஏத்திட்டுப் போயி, கடையையும் கழுவி விட்டுட்டேன். அதுக்கு அப்புறம் கணக்கெடுக்க வந்தவர் காலிக் கடையைப் பாத்துட்டு "என்ன அண்ணாச்சி போச்சு?"ன்னு கேக்காரு. சுவத்துல ஏழடி ஒசரத்துல இருந்த சேத்துக் கோட்டைத்தான் காட்ட முடிஞ்சுது. பக்கத்துக் கடைப் பையன் சும்மா ஸ்டேட்டஸ் போட எடுத்த வீடியோவுல என் கடை வாசல்ல குமிச்சுக் கெடந்த துணி அரை நிமிஷம் வருது, நல்லவேளை அவன் அதை அழிக்கல.

ரெண்டாவது விஷயம், கடைச் சரக்குக்கு நஷ்டஈடு கிடைக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன். பேரிடர் நிவாரண விதியில வீடு, பயிர், ஆடு மாடு, படகு எல்லாத்துக்கும் தொகை இருக்கு, கடையில இருந்த சரக்குக்குன்னு ஒண்ணும் கிடையாது. ரேஷன் கார்டுக்கு 6,000 ரூவா வந்துச்சு, அது வீட்டுக்கு. கடைக்காரனுக்கு அரசு அறிவிச்சது சிறு வணிகர் சிறப்புக் கடன், கூட்டுறவு வங்கி வழியா 1 லட்சம் வரைக்கும், வட்டி 6 சதவீதம். எனக்குப் போனது எப்படியும் 8 லட்சம் இருக்கும். ஆஸ்திரேலியாவுல இருக்க சித்தப்பா மவன் போன்ல சொல்லுதான், அங்க 2022ல லிஸ்மோர்னு ஒரு ஊரு முங்குனப்ப சின்னக் கடைகளுக்கு 50,000 டாலர் வரைக்கும் மானியமாவே குடுத்தாங்களாம், திருப்பிக் கட்ட வேண்டாம். கேட்டுட்டு போனை வச்சிட்டேன், வேற என்ன பண்ண.

சரி லோனாவது வாங்குவோம்னு போனா பேப்பர் கேக்காங்க. ஆதார், பாஸ்புக் எல்லாம் வீட்டு மாடியில இருந்ததால தப்பிச்சுது. கொள்முதல் பில்லு ஃபைல் கடையில இருந்து ஒரே களிமண் கட்டி ஆயிட்டு. நான் அழாத குறையா உக்காந்திருக்கேன், ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்க பொண்ணு ரொம்ப சாதாரணமா "ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி இருக்குமே அண்ணாச்சி"ன்னுச்சு. நமக்கு சரக்கு குடுத்தவங்க ஏத்துன பில்லு எல்லாம், நம்பர், தேதி, தொகையோட அதுல நிக்குது. பத்து நிமிஷத்துல பிரிண்ட் எடுத்துக் குடுத்துச்சு. உத்யம்னு சின்னத் தொழில், கடைகளுக்கு மத்திய அரசு குடுக்குற பதிவும் இல்லாம இருந்தேன், ஆதார் வச்சு நாமளே ஃப்ரீயா போடலாம், தெரியாம பிரவுசிங் சென்டர்ல 500 அழுதேன்.

கவுண்டர்ல இருந்தவர் மூணு தடவை திருப்பி அனுப்புனாரு. ஒரு தடவை கடை வாடகை ஒப்பந்தம் பழசுன்னு, ஒரு தடவை ஜாமீன் கையெழுத்து போட்டவர் வரலன்னு, மூணாவது எதுக்குன்னு எனக்கே புரியல. பிப்ரவரி முடியுறப்ப பணம் அக்கவுண்ட்ல வந்துச்சு.

ஆனா கடை அதுக்கு முன்னாடியே தொறந்தாச்சு. தை அமாவாசைக்கு எங்க ஊரு சேர்மன் சாமி கோயிலுக்கு வார கூட்டத்தை விட்டா அந்த வருஷமே போச்சு. மதுரை விளக்குத்தூண்ல நான் பதினஞ்சு வருஷமா சரக்கு எடுக்குற மொதலாளிக்கு போன் போட்டேன், பழைய பாக்கியே 1 லட்சத்துக்கு மேல நிக்குது, கேக்கவே நாக்கு எழும்பல. "பில்லு போட்டு லாரியில ஏத்திட்டேன், பாக்கியை அப்புறம் பாப்போம்"னு சொன்னாரு. அமாவாசை அன்னைக்கு துண்டும் வேட்டியும்தான் ஓடுச்சு, சேலை ஒண்ணு ரெண்டு. லோன் பணம் வந்ததும் அப்படியே அவருக்குத்தான் போச்சு.

இப்ப மாசக் கடைசியில ரேக்கு ரேக்கா வீடியோ எடுத்து மகளுக்கு வாட்ஸப்ல அனுப்பிருதேன். இன்சூரன்ஸும் போட்டாச்சு, வெள்ளம் சேந்திருக்கான்னு ஏஜென்ட்டை பாலிசியில விரலை வச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து போட்டேன்.