சாம்பாரில் எத்தனை கிராம்?

செப்டம்பர் 1, 2025, திங்கள்

காலை எடை 58.4 கிலோ. உயரம் 172. வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு வந்து பார்த்தது. இனி தினமும் இப்படித்தான்.

ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. உடம்பு ஏறவே இல்லை, சட்டை இன்னும் அதே மீடியம். கேட்கிறவர்களிடம் எல்லாம் ‘நல்லாத்தான் சாப்பிடறேன்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். திருப்பூரில் என் வேலையே துணியை நிறுப்பது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதற்கான கட்டரில் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி, தராசில் வைத்து, வந்ததை 100ஆல் பெருக்க வேண்டும். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். துணி விஷயத்தில் யார் வார்த்தையையும் நம்பாதவன், தட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன்.

கிச்சன் தராசு வாங்கியாச்சு. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று பிடித்தால் ஒரு நாளைக்குப் புரோட்டீன் 93 கிராம், சரி 95. மொத்தம் 2600 கலோரி. கொழுப்பு 70 கிராம். மிச்சம் மாவுச்சத்து, 400 கிராம் பக்கம் வரும். புரோட்டீனுக்கும் மாவுக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

செப்டம்பர் 3, புதன்

ஒரு நாள் முழுக்க எதையும் மாற்றாமல் எழுதிப் பார்த்தேன். இட்லி, சோறு, பொரியல், தயிர், இரண்டு டீ, ராத்திரி தோசை. புரோட்டீன் 47. பாதிதான்!

பெரிய அடி சாம்பாரில். சாம்பார் என்றால் பருப்பு, பருப்பு என்றால் புரோட்டீன் என்று நினைத்திருந்தேன். அம்மா போட்ட துவரம்பருப்பை வேகவைக்கும் முன்பே நிறுத்தேன்: 120 கிராம். அதில் புரோட்டீன் 26 சொச்சம். நான்கு பேர், இரண்டு வேளை. ஆளுக்கு வேளைக்கு 3 கிராம். ஒரு முட்டையில் பாதி.

அதுவும் சராசரிதான். துணியில் ஒரே இடத்தில் வெட்டி ஜிஎஸ்எம் சொல்ல மாட்டோம், ஐந்து இடத்தில் வெட்டுவோம். சாம்பாரும் மேலே தண்ணி, அடியில் பருப்பு. அடி கலக்கி ஊற்றுவது அப்பாவுக்கு மட்டும்தான் என்பதை 26 வருடத்தில் இன்றுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோழிக் குழம்பு. என் தட்டில் விழுந்த துண்டுகள் 210 கிராம். ஆனால் எலும்போடு. தின்று முடித்து எலும்பைத் தராசில் வைத்தேன், 70. அப்போ கறி 140. வெந்த கறிக்கு 100 கிராமுக்குப் புரோட்டீன் 27 என்று வைத்தால் 38 கிராம். பச்சைக் கறிக்கு ஒரு கணக்கு, வெந்ததற்கு வேறு. வேகும்போது தண்ணீர் போய்விடுவதால் அதே புரோட்டீன் குறைந்த எடையில் நிற்கிறது. இது தெரியாமல் நான்கு நாளாகப் பச்சையாக நிறுத்துவிட்டு வெந்ததன் எண்ணைப் போட்டு, இல்லாத புரோட்டீனை வரவு வைத்திருந்தேன்.

அம்மிச்சி பார்த்துக்கொண்டே இருந்தது. “எலும்ப எதுக்கு கண்ணு நிறுக்கற? நாய்க்குமா கணக்கு?”

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் வார சராசரி 59.1. இந்த வாரமும் 59.1. முதலில் ஏறியதில் பெரும்பகுதி கூடுதல் சோறும் உப்பும் பிடித்து வைத்த தண்ணீர் என்று தோன்றுகிறது. ஜிம் மாஸ்டரிடம் கேட்டதும் மாஸ் கெயினர் (எடை ஏற்றும் பவுடர்) டப்பாவைக் காட்டினார். பின்பக்கம் படித்தேன், பட்டியலில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுதான். மாவு எங்கள் வீட்டில் கிரைண்டர் நிறைய இருக்கிறது. வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் அவர் முகம் கொடுக்கவில்லை.

சோறு 100 கிராம் கூட்டினேன், 130 கலோரி. எண்ணெயையும் பிடித்துவிட்டேன். கேனைத் தராசில் வைத்து, சமைத்த பிறகு மறுபடி வைத்தால் எவ்வளவு குறைந்ததோ அதுதான் செலவு. 48 கிராம் கடலெண்ணெய், 432 கலோரி. ஆளுக்கு 108. இதுவரை என் கணக்கில் எண்ணெய்க்கு இடமே இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று புரட்டாசி பிறந்தது. முட்டை, கறி கிடையாது. “வெளிய தின்னுக்க, ஆனா குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்” என்றார் அம்மா. தினம் இரண்டு குளியலுக்கு நான் தயாரில்லை.

மீல் மேக்கர் 50 கிராமில் புரோட்டீன் 26 வருகிறது (காய்ந்த எடை, ஊறியதை நிறுத்தால் ஏமாறுவோம்). நிலக்கடலை 50 கிராமில் 12, கூடவே கொழுப்பு 24. கடலையைப் புரோட்டீன் என்று தின்றால் கொழுப்புக் கணக்கு முதலில் நிறைந்துவிடும்.

செப்டம்பர் 22, திங்கள்

அவசரப்பட்டு நேற்று மீல் மேக்கர் 100 கிராம். வயிறு ராத்திரி முழுக்கப் பேசியது. இனி 50தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நவராத்திரி. தெருவில் நான்கு வீட்டுச் சுண்டல். கடலையின் எடை தெரியாமல் எழுத முடியாது என்று பக்கத்து வீட்டு அக்காவிடமே கேட்டேன். “அரைப்படி போட்டேன் தம்பி, ஏன், உப்பு பத்தலையா?”

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்பெனியில் ஜிஎஸ்எம் தராசுக்கு நானே சந்தனம் வைத்தேன். வீட்டுக்கு வந்தால் கிச்சன் தராசுக்கும் பொட்டு, பக்கத்தில் அரிவாள்மனை.

அக்டோபர் 5, ஞாயிறு

வார சராசரி 59.8. மூன்று வாரத்தில் 700 கிராம், வாரத்துக்கு 230 சொச்சம். இந்த வேகம் போதும். இதைவிட ஓடினால் தொப்பைதான் முதலில் வரும். புரோட்டீன் பெரும்பாலும் 90க்கு மேல்.

சமையலறையில் தராசு சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா துவரம்பருப்பைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“200 வந்துருச்சு. போதுமா, இன்னும் போடட்டா?”