பிளேட்டுக்குக் கீழே நிற்கிற முட்டு

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் பிளேட், அதாவது கொங்கிறீற் தளம், போடுகிற நாள் என்றால் வீட்டில் பாதிக் கலியாணம்தான். மிக்சர் வரும், சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பார்கள், வீட்டுக்காரர் கம்பி கட்டினது சரியா என்று ஏறி ஏறிப் பார்ப்பார். குனிந்து கீழே அதைத் தாங்கி நிற்கிற முட்டுகளைப் பார்க்கிற வீட்டுக்காரரை நான் மேற்பார்வைக்குப் போன இடங்களில் கண்டது குறைவு.

12க்கு 12 அடி அறைக்கு 5 அங்குல பிளேட் என்றால் ஈரக் கொங்கிறீற் மட்டுமே கிட்டத்தட்ட 4 தொன். இறுகும்வரை அது தன்னைத்தானே தாங்காது, அவ்வளவும் முட்டு வழியாக நிலத்துக்குத்தான் போகவேண்டும், நிலமோ இங்கே மணல். மாரியில் ஒரு இரவு மழை பெய்தால் செங்கல் துண்டில் நிற்கிற முட்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும், அதன் பாரம் பக்கத்து முட்டுகளுக்குப் போகும், விடிந்து பார்த்தால் பிளேட்டுக்கு வயிறு வைத்திருக்கும். அதனால் நீளப் பலகை போட்டு அதன் மேல் நிறுத்தச் சொல்வேன். ஜக் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டு) என்றால் அந்த உயரத்தைப் பிடித்து வைக்கிற ஊசியையும் பார்ப்பேன். அநேகமாக அது தொலைந்துபோய் மெல்லிய கம்பித் துண்டைச் செருகியிருப்பார்கள், சில இடத்தில் வெறும் ஆணி!

ஆனால் உண்மையான இழுபறி கழற்றும்போதுதான். ஜக்குக்கு நாள் வாடகை. நாலாம் நாளே பாஸ் (வேலையை எடுத்துச் செய்கிற மேசன்) வந்து, "சேர், மற்ற சைட்டுக்கு ஜக் வேணும், நாளைக்குக் கழட்டுவமா?" என்பார். அவரையும் குறை சொல்ல ஏலாது, வாடகை அவர் கையால்தான் போகிறது. இந்தியத் தரக்குறிப்பு சாதாரண சீமெந்துக்கு, தாங்கல்களுக்கு இடையில் 4.5 மீற்றர் வரை உள்ள பிளேட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14, பீமுக்கு 6 மீற்றர் வரை 14, அதற்கு மேல் 21 என்கிறது. அதைக் குறைந்த கணக்காகத்தான் நான் எடுக்கிறேன். மேலே இன்னொரு மாடி என்றால் அதன் முட்டெல்லாம் இந்தப் பிளேட்டில்தானே நிற்கப்போகிறது, அப்போது கீழே கொஞ்சத்தை இன்னும் விட்டுவைக்கவேண்டும்.

போர்ட்டிகோ மாதிரி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற பிளேட்டுக்கு நான் பக்கத்திலேயே நிற்பேன். முட்டுகளை வெளி நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கித்தான் எடுக்கவேண்டும். பெடியன்கள் கைக்கு எட்டுகிற உள்பக்கத்தில் தொடங்கிவிடுவார்கள். நுனியில் மட்டும் முட்டு நின்றால் பிளேட் நடுவில் தொங்கப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும், அங்கே அதற்குப் போதிய கம்பி கிடையாது, எல்லாம் மேலேதான் கட்டியிருக்கிறோம்.