அவர் என் சிகிச்சையாளர் அல்ல, ஆனாலும் புகார் கொடுத்தேன்

நான் உறுப்பினராக இருந்த ஒரு தன்னார்வ அமைப்பில் உளவியலாளர் ஒருவரும் இருந்தார். அவரிடம் நான் ஒருநாளும் சிகிச்சைக்குச் சென்றதில்லை. அமைப்பின் வரவுசெலவுக் கணக்கைக் காட்டும்படி கேட்டதில் எங்களுக்குள் தொடங்கிய மனத்தாங்கல் சில வாரங்களில் வெளிப்படையான சண்டையாக முற்றியபோது, அவர் உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவர் என்ற முறையில் என்னிடம் ஆளுமைக் கோளாறின் அறிகுறிகளைக் காண்பதாகவும், ஆகவே நான் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தார். கீழே அவருடைய பட்டம், பதவி, பதிவு எண் ஆகிய மூன்றும் இருந்தன.

அன்றிரவே அவரைப் பதிவு செய்திருக்கும் அமைப்புக்குப் புகார் எழுதினேன். அதில் பதினொரு குற்றச்சாட்டுகள் இருந்தன. மூன்று வாரங்களில் பதில் வந்தது: நான் அவருடைய சிகிச்சை பெறுநர் அல்ல, இது இரு தனிமனிதர்களுக்கு இடையிலான தகராறாகத் தெரிகிறது, எனவே விசாரிக்க இயலாது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் புகாரை மறுபடி படித்துப் பார்த்தபோது, பதினொன்றில் ஒன்பது அவருடைய குணத்தைப் பற்றியவை என்பதும், படிப்பவர் அதைத் தனிப்பட்ட தகராறு என்று நினைத்ததில் வியப்பில்லை என்பதும் எனக்கே விளங்கியது.

அதன் பிறகுதான் நெறிமுறைத் தொகுப்புகளை எடுத்துப் படித்தேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தொகுப்பு, 2003 முதல் நடைமுறையில் இருப்பது, தன் முன்னுரையிலேயே ஒரு கோடு கிழிக்கிறது: உளவியலாளர் என்ற பொறுப்பில் செய்யும் அறிவியல், கல்வி, தொழில்சார்ந்த செயல்களுக்கு மட்டுமே அது பொருந்தும், முற்றிலும் தனிப்பட்ட நடத்தை அதன் வரம்புக்குள் வராது. பிரிட்டனில் உளவியலாளர்களைப் பதிவு செய்யும் ஹெச்.சி.பி.சி. மன்றமோ இன்னும் அகலமாகப் பார்க்கிறது. தம்மீதும் தொழில்மீதும் மக்கள் வைத்த நம்பிக்கைக்கு உகந்த நடத்தை வேண்டும் என்கிறது. குற்ற வழக்கில் சிக்கினால் பதிவு பெற்றவர் தாமே தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது.

முதலில் எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருந்தது. சண்டையில் இருப்பவருக்கு எப்போதும் அகலமான விதிதான் பிடிக்கும். ஆனால் ஒரு சிகிச்சையாளரின் ஒவ்வொரு வாய்த்தகராறும், மணமுறிவும், அரசியல் கருத்தும் விசாரணைக்கு உரியதானால், அவர்மீது வன்மம் கொண்ட எவரும் அவருடைய பிழைப்பில் கைவைக்க முடியும் என்பதை யோசித்தபோது தயங்கினேன். கோபத்தில் அவர் என்னைப் பைத்தியம் என்று திட்டியிருந்தால் அது வெறும் வசவு, அதற்கு நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பதிவு எண்ணைக் கீழே போட்டு அதையே சொன்னபோது அது சான்றிதழாக மாறிவிட்டது, அதற்கு என்னால் பதில் சொல்லவே முடியவில்லை.

அமெரிக்கத் தொகுப்பின் 9.01 விதி, போதிய அளவு பரிசோதித்த பின்னரே ஒருவரின் உளவியல் இயல்புகளைப் பற்றி உளவியலாளர் கருத்துக் கூறலாம் என்கிறது. என் புகாரை விசாரிக்க வேண்டிய அமைப்பின் விதிகளிலும் ஏறக்குறைய அதே வாசகம் இருந்தது. 1964இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, அந்த ஆண்டுத் தேர்தலில் வேட்பாளராக நின்ற பாரி கோல்ட்வாட்டர் குடியரசுத் தலைவராகத் தகுதியானவரா என்று மனநல மருத்துவர்களிடம் கேட்டு, அவரைச் சந்தித்தே இராத 1,189 பேர் தகுதியற்றவர் என்று சொன்னதை வெளியிட்டது. கோல்ட்வாட்டர் அவதூறு வழக்கில் வென்றார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அத்தகைய கருத்துகளைத் தடை செய்தது. இத்தனை பெரிய கதையை என் சிறிய வழக்கில் மேற்கோள் காட்டியது சற்று மிகைதான், ஆயினும் காட்டினேன்.

இரண்டாவது புகாரில் கணக்குச் சண்டை முழுவதையும் நீக்கிவிட்டு, பரிசோதனையின்றி நோய்ப்பெயர் சூட்டியது, தொழில் அடையாளத்தைத் தன் சொந்தத் தகராறில் பயன்படுத்தியது என்ற இரண்டை மட்டும் வைத்தேன். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அதுதான் மிகக் கடுமையானது: எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் முன்பு அவரிடம் சிகிச்சை பெற்றவர், அங்கே பேசிய ஒரு செய்தியை அந்த உளவியலாளர் கூட்டத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். இரகசியம் அவருடையது, அதை உடைத்ததைச் சொல்வதற்காக நானும் ஒருமுறை உடைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன். இன்றும் உறுத்துகிறது.

இந்த முறை புகாரை ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய பதிலில், தன் சொந்த முகவரியிலிருந்து, விடுமுறை நாளில், உறுப்பினர் என்ற முறையில்தான் எழுதியதாகச் சொல்லியிருந்தார். நான் மின்னஞ்சலை முழுத் தலைப்பு விவரங்களுடன் அச்சிட்டு அனுப்பி, இந்தத் துறையில் இருப்பவர் என்று தொடங்கும் வரியையும் கையொப்பத்தையும் அடிக்கோடிட்டிருந்தேன். விசாரணைக் குழு அந்த இரண்டைப் பற்றித்தான் என்னிடம் கேள்வி கேட்டது. அந்த வரிகள் எனக்கு எவ்வளவு வலித்தன என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தயாராகச் சென்ற என்னை யாரும் அது பற்றிக் கேட்கவில்லை. கசப்பாக இருந்தாலும் அதுவே முறை என்று இப்போது நினைக்கிறேன்.

மொத்தம் பதினொரு மாதங்கள் ஆயின. இரண்டு குற்றச்சாட்டுகளும் ஏற்கப்பட்டு, எழுத்துப்பூர்வ எச்சரிக்கையும் ஓராண்டு நெறிமுறைப் பயிற்சியும் விதிக்கப்பட்டன. மன்னிப்புக் கேட்கவோ மின்னஞ்சலைத் திரும்பப் பெறவோ அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றார்கள். ஆணையின் நகலை உறுப்பினர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன், தடையில்லை என்றார்கள். பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே, என் தரப்பில் ஒரு வரியும் சேர்க்காமல், அனைவருக்கும் அனுப்பினேன்.