517.5 வண்டிகள்: சாலை இரைச்சல் கணிப்பில் மூன்று வாரம் போன கதை

போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாள் கைக்கு வந்ததும், அதில் இருப்பது வண்டிகளின் எண்ணிக்கையா அல்லது பிசியு-வா (எல்லா வண்டிகளையும் கார்க் கணக்காக மாற்றிய எண்ணா) என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் மூன்று வாரம் போயிற்று.

ஒரு நகரச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். ஓரத்து வீடுகளில் இரைச்சல் எவ்வளவு கூடும் என்று கணித்து அறிக்கை தர வேண்டும். அதற்கு முன், இன்றைய நிலையைக் கணித்து, நேரில் அளந்ததோடு அது ஒத்துப்போகிறது என்று காட்ட வேண்டும். நான் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

பயன்படுத்தியது சாலைப் போக்குவரத்து இரைச்சலைக் கணக்கிடும் சிஆர்டிஎன் முறை. பிரிட்டனில் 1975-இல் வந்து, 1988-இல் திருத்தப்பட்டது. சூத்திரம் ஒன்றும் கடினமில்லை. ஒரு மணி நேர வண்டி எண்ணிக்கையின் லாகரிதத்தை 10-ஆல் பெருக்கி 42.2 கூட்டினால், சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டரில் எல்10 அளவு, அதாவது அந்த மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் இரைச்சல் தாண்டுகிற அளவு, வந்துவிடும். அப்புறம் வேகம், கனரக வண்டிகளின் சதவீதம், ஏற்றம், தூரம் என்று ஒவ்வொரு திருத்தமாகச் சேர்க்க வேண்டும். அரை நாள் வேலை.

அளக்கப் போன முதல் நாள் வீண். காலையில் தூறியிருந்தது. நாங்கள் கருவியை நிறுத்தியபோது மழை இல்லை, ஆனால் சாலை ஈரம். ஈரச் சாலையில் டயர் எழுப்பும் சீறல் தனியாகக் காதில் விழும். ஒரு மணி நேரம் முழுக்கப் பதிவு செய்துவிட்டு, அந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட்டோம். சாலை காயாவிட்டால் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

இரண்டாவது முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. காய்ந்த சாலை, காற்று இல்லை. ஒலிவாங்கிக்கு நுரைப் பந்து மாட்டி, கீழ்த்தள வீடு ஒன்றின் சுவருக்கு 1 மீட்டர் முன்னால், சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டரில் நிறுத்தினோம். அந்த வீட்டு அம்மாதான் மனமுவந்து இடம் கொடுத்தார். அளந்த எல்10: 76.9 டெசிபல்.

கணக்கில் வந்ததோ 71.6.

5.3 டெசிபல் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. போக்குவரத்து அப்படியே இரட்டிப்பானால்கூட 3 டெசிபல்தான் கூடும். முதலில் கருவி மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அளப்பதற்கு முன்பும் பின்பும், 94 டெசிபல் ஒலி எழுப்பும் அளவொப்பு கருவியை மாட்டிச் சரிபார்த்திருந்தோம்; இரண்டு தடவையும் 94 டெசிபல் சரியாகக் காட்டியது. அந்த இரண்டு நிமிடச் சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாதிருந்தால் இன்னும் ஒரு வாரம் கருவியோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

அடுத்தது வேகம். தாளில் இருந்த 50 கிலோமீட்டர் என்பது அறிவிப்புப் பலகையில் உள்ள உச்ச வேகம். நேரில் நின்று நேரம் பார்த்தபோது சராசரி 40-தான் வந்தது. அதைப் போட்டால் கணிப்பு 70.5-க்கு இறங்கியது! உண்மையான தகவலைச் சேர்க்கச் சேர்க்க விடை இன்னும் விலகிப்போனது. அன்றைக்கு மனசு ரொம்பவே சோர்ந்துவிட்டது. "தலத்திருத்தம்னு ஒரு எண்ணைக் கூட்டிப் போட்டுடலாமே" என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். இதைப் பலர் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். காரணம் தெரியாமல் கூட்டிய எண்ணை வைத்து இன்னொருவர் வீட்டின் எதிர்காலத்தை எப்படிக் கணிப்பது? முடியாது என்றேன்.

முகப்புத் திருத்தத்தை விட்டிருந்தது மறுநாள் கண்ணில் பட்டது. சுவருக்கு 1 மீட்டர் முன்னால் அளந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து வரும், அதற்கு 2.5 டெசிபல் கூட்ட வேண்டும். இப்போது 73.0. இன்னும் 3.9 இடிக்கிறது.

கணக்கெடுப்புத் தாளின் இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். அதுவரை முதல் பக்கத்தில் இருந்த மணிக்கு 2,080 என்ற மொத்தத்தை மட்டும் எடுத்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் கால் மணிக்கு ஒரு வரி. அதில் ஒரு வரியில் 517.5 என்று இருந்தது. சாலையில் அரை வண்டி எப்படி ஓடும்?

அவை வண்டிகளே இல்லை, பிசியு. கார் ஒன்று, இருசக்கர வண்டி அரை, பேருந்தும் லாரியும் மூன்று என்று மாற்றிக் கூட்டிய எண்கள். சாலை எவ்வளவு நெரிசல் தாங்கும் என்று பார்ப்பவர்களுக்கு அது சரிதான். இரைச்சல் கணிப்புக்கு அது உதவாது. எத்தனை கனரக வண்டி என்பதே அதில் மறைந்துபோகிறது. நானோ கனரகப் பத்தி காலியாக இருந்ததால் சுழியம் என்று போட்டிருந்தேன். அது என் தவறு.

மூலத் தாள் கேட்டு அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். "டோட்டல்தான் கொடுத்தாச்சே மேடம், வேற என்ன வேணும்?" என்றார் எழுத்தர். இரண்டாவது முறை, கோப்பு வேறு பிரிவில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது முறை எந்தத் தேதி, எந்த மணி, எந்தச் சந்திப்பு என்று எழுத்தில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் நூல் கட்டிய கட்டு வந்தது. பென்சிலில் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகப் போட்ட தாள்கள். அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன்: கார் 1,200, இருசக்கர வண்டி 800, பேருந்தும் லாரியும் 160. மொத்தம் 2,160.

தவறு ஏன் கண்ணில் படவில்லை என்பதும் புரிந்தது. அரையாகக் குறைந்ததும் மூன்றாகப் பெருகியதும் சேர்ந்து, 2,080-ஐ உண்மை மொத்தத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டிருந்தன. மொத்தத்தில் உள்ள அந்த வித்தியாசம் 0.2 டெசிபல்கூட இல்லை. ஆனால் 160 கனரக வண்டி என்பது 7.4 சதவீதம், 40 கிலோமீட்டர் வேகத்தில் அது மட்டுமே 2.8 டெசிபல் கூட்டுகிறது.

புதிய கணிப்பு 76.0. அளந்தது 76.9. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது. ஹாரனுக்கு இந்த முறையில் இடமே இல்லை என்பதை அறிக்கையில் தனி வரியாக எழுதிவிட்டேன், நீங்களும் எழுதுங்கள்.

அகலப்படுத்திய பிறகு சாலை விளிம்பு அந்தச் சுவரை நோக்கி 5 மீட்டர் நெருங்கும். வண்டி ஒன்றுகூடக் கூடாவிட்டாலும் அதனாலேயே 2 டெசிபல் ஏறும். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். முடிவைச் சொல்ல அந்த அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பகல்ல நான் எங்கம்மா தூங்குறேன், ராத்திரி எப்ப அளப்பீங்க?" என்றார். எங்களுக்குக் கொடுத்த வேலையில் இரவு இல்லை. இரவு அளவீடும் வேண்டும் என்று கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கணக்கெடுப்பின் மூலத் தாளையும் அதே கடிதத்தில் கேட்டுவிட்டேன்.