வரித்தலை வாத்துக்காக ஒரு மார்கழி நாள்

பாளையங்கோட்டையிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் 40 கிலோமீட்டருக்குள்தான். மார்கழி பிறந்தால் ஒரு தடவையாவது போய் வராமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்த முறை அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளும் "மாமா, நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அது நம்ம ஊர்ப் பக்கம் வருவதை அவளால் நம்பவே முடியவில்லை.

விடிவதற்கு முன்பே பைக்கை எடுத்தோம். மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. அங்கிருந்து இரண்டு பக்கமும் பிசான நெல் பச்சையாக நின்றது. மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள். இவையும் வடக்கிலிருந்து வந்தவைதான்.

குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் நல்ல அளவில் இருந்தது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக இங்கே வந்து சேர வேண்டும். அதோடு வடகிழக்குப் பருவமழையும் பெய்ய வேண்டும். குளம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது, ஓரத்தில் கொஞ்சம் சேறும் வேண்டும். சேற்றில் பட்டாணி உப்புக்கொத்தியும் பொரி உள்ளானும் ஓடியோடிக் கொத்திக்கொண்டிருந்தன. முழங்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான். அதற்கும் அப்பால் கரண்டிவாயன்கள் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, அரிவாளால் புல் அறுப்பதுபோல இடமும் வலமும் வீசிக்கொண்டே நடந்தன. ஆழத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மிதந்தன. ஒரே குளம்தான். காலும் அலகும் எவ்வளவு நீளமோ, அதற்கேற்ப இடம் பிரித்துக்கொள்கின்றன.

வரித்தலை வாத்தைத்தான் காணோம். காவல் கோபுரத்தில் ஏறி ஒரு மணி நேரம் பைனாகுலரால் துழாவிப் பார்த்தும் இல்லை. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அப்போது ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, பெரிய வாத்து வந்துட்டா?"

"வந்துட்டு தம்பி. ராத்திரி வயக்காட்டுல மேஞ்சிட்டு, வெயில் ஏறுனப்புறம் அந்தாக்குல மேக்குக் கரையில வந்து கிடக்கும். பாப்பாவ சத்தம் போடாம கூட்டிட்டுப் போங்க."

சரி என்று ஊருக்குள் நடந்தோம். கூந்தன்குளம் 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. பறவைகளுக்கு அது முன்பிருந்தே வீடுதான். தெருவில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டும். கீழே வாசலில் எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும். யாரும் கல்லெடுத்து எறிவதில்லை. தீபாவளிக்கு வெடியும் போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைத் தூக்கிவந்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி 2021-ல் காலமானார். அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அன்றைக்கு ஒரு நாரை வாயில் குச்சியோடு வந்து இறங்கியது. இணை அதை வாங்கி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வேறு பக்கம் வைத்தது. அக்கா மகள் கழுத்து வலிக்க வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு மேற்குக் கரை. பெரியவர் சொன்னது அப்படியே சரி. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கருப்புக் கோடுகள், மஞ்சள் கால்கள், சாம்பல் உடம்பு. நான் 43 எண்ணினேன், அவள் 45 என்றாள். சில கழுத்தை முதுகில் செருகித் தூங்கின. இரண்டு மட்டும் தலை நிமிர்த்திக் காவல் நின்றன.

"இதெல்லாம் எவரெஸ்ட் மேல பறந்து வந்துச்சா மாமா?" என்று காதோடு கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்குகின்றன. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் ஒரு வாத்து 7,290 மீட்டர் வரை ஏறியது பதிவாகியிருக்கிறது. ஆனால் முடிந்தவரை உச்சிகளை விட்டுவிட்டு மலைக் கணவாய்கள் வழியாகவே வருகின்றன. மேலே காற்றில் ஆக்சிஜன் பாதிக்கும் குறைவு. மற்ற வாத்துகளைவிட இவற்றின் ரத்தம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், நுரையீரலும் பெரிது. அவள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பைனாகுலரையும் திருப்பித் தரவில்லை.

மத்தியானம் கட்டுச்சோற்றைக் கருவேல நிழலில் சாப்பிட்டோம். மூன்று மணிக்கே திரும்புவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். "சாயங்காலம் அது வயலுக்குப் போறத பாத்துட்டுப் போவோம் மாமா" என்றாள். போன் செய்து சொல்லிவிட்டேன்.

ஆறரை மணி இருக்கும். மேற்கே மலை கருத்துவிட்டது. முதலில் ஒரு வாத்து குரல் கொடுத்தது, அப்புறம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஓடி எழும்பி, எங்கள் தலைக்கு மேலே நெல்வயல்களைப் பார்த்துப் போயின. சிறகடிக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. அவள் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். 45-தான்.