ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: இடது ட்ரன்னியன் ஒருவழியாக உட்கார்ந்தது

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைச் சீர்செய்யும் வேலையில் இடது முன்பக்கம் முடிந்தது. ராத்திரி முழுக்க அடியில் விரித்து வைத்த செய்தித்தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. வெர்டிகல் லிங்க்கை (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் துண்டு) இரண்டு விரலால் தள்ளினாலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வருகிறது. இந்த ஒரு மூலைக்கு மட்டும் மூன்று ட்ரன்னியன் (லிங்க்கின் அடியில் திருகி நிற்கும் பித்தளைத் துண்டு), இரண்டு லிங்க், ஒரு பாக்கெட் ஹாக்ஸா பிளேடு தீர்ந்தது. சேஸி வெல்டிங்கூட இவ்வளவு நாள் இழுக்கவில்லை.

வண்டி நான்கு கதவு மார்க் 3. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கட்டியது. அந்த வரிசையில் வந்தது இது. 948 சிசி இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் முழு சஸ்பென்ஷனும் கண்ணெதிரே. சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அந்த வகையில் ஹெரால்டைப் போல மெக்கானிக்குக்கு இரக்கம் காட்டும் கார் வேறில்லை.

"ஹெரால்டா? சக்கரம் மடங்கிடும் சார்" என்று எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். மடங்குவது உண்மை. டிசைன் மட்டம் என்பது பொய். மடக்கியது நம் கிரீஸ் கன்.

ட்ரன்னியன் ஒரே துண்டில் இரண்டு வேலை செய்கிறது. அதன் குறுக்கே போகும் போல்ட்டில்தான் கீழ் விஷ்போன் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கை) மேலும் கீழும் ஆடுகிறது. அதன் நடுவில் உள்ள செங்குத்து மரையில்தான் ஸ்டீயரிங் திரும்புகிறது. சக்கரம் திரும்பத் தனி அச்சாணி, அதாவது கிங் பின், கிடையாது; எஃகு லிங்க்கின் அடிமரை, பித்தளை ட்ரன்னியனின் உள்மரைக்குள் திருகி நிற்கிறது, அவ்வளவுதான். முன்பக்கப் பாரம், பிரேக் இழுப்பு எல்லாம் அந்த மரையில்தான். தொழிற்சாலை மேனுவல் அதற்குக் கேட்பது கியர் ஆயில், ஈ.பி. 90. எண்ணெய் மரை இடுக்கில் ஏறி, கீழே உள்ள கிண்ணத்தில் தேங்கி நிற்கும். கிரீஸ் அடித்தால் அது துளை வாயிலேயே உறைந்து கட்டியாகிவிடும். மேல்மரைக்குப் போகவே போகாது. மேல் ரப்பர் சீல் காய்ந்ததும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். எஃகு மரையின் பள்ளத்தில் துரு குழி விழும். அந்தக் குழியிலிருந்து விரிசல் பிறந்து, ட்ரன்னியன் வாய்க்குச் சற்று மேலே லிங்க் ஒடியும். பெரும்பாலும் பார்க்கிங்கில், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது. வேகத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றுவதில் தெரிந்ததை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே யூனிட்டாக வர, மேலே சுற்றியுள்ள மூன்று நட்டையும் கீழ் போல்ட்டையும் எடுத்தால் போதும். நடுவில் நிற்கும் ராடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடவே கூடாது.

முதல் முட்டுக்கட்டை ட்ரன்னியன் போல்ட். அது ஓர் எஃகுக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாய்மேல்தான் நைலான் புஷ் சுற்றுகிறது. நாற்பது ஐம்பது வருஷத்தில் போல்ட்டும் குழாயும் ஒன்றாகத் துருப்பிடித்து ஒட்டிவிடுகின்றன. நட் கழன்றுவிடும், போல்ட் அசையாது. சுத்தியலால் அடித்தால் விஷ்போன் காது (போல்ட் நுழையும் நுனித் தகடு) வளையும். இரண்டு நாள் டீசல் ஊற்றிப் பார்த்தாயிற்று, பலனில்லை. வழி ஒன்றுதான்: விஷ்போன் காதுக்கும் ட்ரன்னியனுக்கும் இடையில் உள்ள இடுக்கில் வெறும் ஹாக்ஸா பிளேடைக் கையில் துணி சுற்றிப் பிடித்து, இரண்டு பக்கமும் போல்ட்டையும் குழாயையும் சேர்த்து அறுப்பது. கிரைண்டர் உள்ளே போகாது. போனாலும் காதைத் தின்னும். பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். உள்பக்க பிராக்கெட்டைத் தொடவில்லை, அதனால் சக்கரச் சாய்வைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள் (கேம்பர் ஷிம்) எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கழற்றுவதாயிருந்தால் எந்த இடத்தில் எத்தனை ஷிம் என்று கம்பியில் கோர்த்து வைக்கவும்.

புது போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். யு.என்.எஃப். மரை (அங்குல அளவு நெருக்க மரை), ஹை டென்ஸைல் என்ற உறுதியான எஃகு. தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு இருந்தால் கிரேடு 8. ஒன்றுமே இல்லாத மொட்டைத் தலை போல்ட்டைக் கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று நீட்டுவார். வாங்காதீர்கள்.

அடுத்தது, லிங்க்கிலிருந்து பழைய ட்ரன்னியனைப் பிரிப்பது. இடது பக்கம் இடது மரை, வலது பக்கம் வலது மரை. இதை மறந்து இடதைத் தலைகீழாக முறுக்கி இறுக்கிக்கொள்வது எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. கியாஸ் விளக்கு காட்டக் கூடாது. லிங்க் அடித்து உருவாக்கிய எஃகு, சூடு பட்டால் பதம் போய்விடும். கொதிக்கும் தண்ணீர் போதும். பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விரியும். ஒரு வாளியில் ட்ரன்னியன் மூழ்கும்படி கால் மணி நேரம் வைத்துவிட்டு, போல்ட் துளையில் நீளக் கம்பி ஒன்றை நுழைத்துத் திருப்பினால் முனகிக்கொண்டே கழலும். உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை, சோப்புக் கட்டி. அதற்கடியில் பழுப்புத் தண்ணீர்.

லிங்க்கை டீசலில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்குப் பழுது தெரியவில்லை. இங்கேதான் ஏமாறுவோம். வெல்டிங் சோதனைக்கு விற்கும் டை பெனட்ரன்ட் செட் வாங்குங்கள்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று டப்பா. எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து, சாயம் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, துணியில் கிளீனர் தொட்டுத் துடைத்து (லிங்க்மேல் நேராக அடித்தால் விரிசலில் இருக்கும் சாயமும் போய்விடும்), வெள்ளையை மெல்லிசாகப் படரவிட வேண்டும். மேலிருந்து இரண்டாவது மரையில், சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மயிரிழைச் சிவப்புக் கோடு. லிங்க் காயலான் கடைக்குப் போனது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். அதைவிட மரக்கட்டையில் லிங்க் செதுக்கிப் போடலாம்.

தேடல் இங்கே ஆரம்பம். உண்மையில் அரிதான பொருள் ட்ரன்னியன் அல்ல, நல்ல மரை உள்ள லிங்க். ட்ரன்னியன் கழலும் துண்டு. லிங்க்கோடு ஒப்பிட்டால் கிடைப்பது சுலபம். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஹெரால்ட் என்று கேட்டால் இன்னும் எங்கேயோ ஒரு மூட்டையிலிருந்து எடுத்துக் கொட்டுவார்கள், ஆனால் ட்ரன்னியன் மாட்டிய நிலையிலேயே விற்பார்கள். உள்ளே மரை எப்படி இருக்கிறது என்று தெரியாது. கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. மரையின் உச்சி கத்தி போலக் கூராக இருந்தால் தேய்ந்தது. தட்டையான உச்சி தெரிய வேண்டும். ஜோடி என்று சொல்லித் தந்த இரண்டு ட்ரன்னியனும் வலது மரையாகவே இருந்தன. வெளித்தோற்றத்தை நம்பாமல் கையில் ஒரு லிங்க் எடுத்துப்போய்த் திருகிப் பார்த்திருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சம்.

இங்கிலாந்தில் ஹெரால்ட், ட்ரையம்ஃபின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயர் ஆட்களுக்காக இன்றும் ட்ரன்னியன் புதிதாக வருகிறது. லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் காரும் இந்த லிங்க்கைத்தான் எடுத்துக்கொண்டது, அதனால் பொருளுக்குக் கிராக்கி குறையவில்லை. ஆர்டர் செய்யும்போது வருஷத்தையும் முன்பக்கம் டிரம் பிரேக் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். லிங்க் வாங்குவதானால் ஸ்டப் ஆக்ஸில் (சக்கரம் சுற்றும் குட்டை அச்சு) துளையை அளந்து எழுதுங்கள். பிந்தைய பெரிய வண்டிகளின் ஆக்ஸில் தடிமன் வேறு.

அப்படி வந்த புது ட்ரன்னியனில்தான் இரண்டாவது தோல்வி. மரை அருமை, கையில் வெண்ணெய் போல ஓடியது. எண்ணெய் நிரப்பி நிறுத்தினால் காலையில் கீழே குளம். ட்ரன்னியனின் அடி முழுப் பித்தளை அல்ல. துளையை ஒரு வட்டத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தத் தகட்டின் ஓரத்தில் கசிவு. எண்ணெய் நிற்காத ட்ரன்னியன், கிரீஸ் அடித்த ட்ரன்னியனைவிடச் சீக்கிரம் சாகும். மாட்டுமுன்பே தெரிந்ததால் தப்பித்தேன். தகட்டைச் சுற்றி உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஃபிளக்ஸ் தடவி, ஈயப் பற்று ஓட்டினால் பித்தளை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ட்ரன்னியன் தனியாக இருக்கும்போது சூடு காட்டலாம், லிங்க்கோடு அல்ல. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தேன். எண்ணெய் கசியாத இடத்திலும் மண்ணெண்ணெய் கசியும், அதனால் இது கடுமையான பரீட்சை. புதுசோ பழசோ, மாட்டுமுன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

லேத்தில் கடைந்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: கடையலாம், மூன்று ட்ரன்னியனில் ஒன்று அப்படி வந்ததுதான். டர்னர் மரையை இறுக்கமாக வெட்டிவிட்டார், "ஆட்டம் இருக்கக் கூடாதே" என்று. எண்ணெய்ப் படலத்துக்கு இடமே இல்லை. நடுவில் சரி, லாக் (ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பும் கோடி) பக்கம் போனால் பிடித்தது. இங்கே ஆட்டம் மிகக் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். மரை அங்குல அளவு என்பதையும், மரை கேஜ் வைத்து எண்ணியே கடைய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடி திறந்தே இருப்பதால் மரையை ஊடுருவ வெட்டிவிட்டுப் பிறகு தகடு வைத்து மூடலாம். அது ஒரு சௌகரியம்.

நைலான் புஷ் இங்கேயே கடைந்தால் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும், மழைக்காலத்தில் குழாயைப் பிடிக்கும். எஃகுக் குழாய், இரண்டு புஷ்ஷும் ட்ரன்னியனும் சேர்ந்த அகலத்தைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது காதுகள் குழாயைத்தான் கவ்வ வேண்டும், புஷ்ஷை அல்ல. குழாய் குட்டையானால் சஸ்பென்ஷன் கட்டை போலாகிவிடும். குழாய்க்குள் காப்பர் கிரீஸ் தடவுங்கள். அடுத்த தடவை ஹாக்ஸா வேண்டியிருக்காது.

பூட்டும்போது ட்ரன்னியனை முழுக்கத் திருகி அடியில் முட்டவிட்டு, பிறகு சுமார் ஒரு சுற்று பின்னால் எடுத்து போல்ட் துளைக்கு நேர்ப்படுத்த வேண்டும். முட்டிய இடத்திலேயே விட்டால் ஒரு பக்க லாக்கில் பித்தளை அடி எஃகை இடிக்கும். டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மாட்டுமுன் கையால் இரண்டு லாக்கும் திருப்பிப் பாருங்கள்.

எண்ணெய்க்கு ஈ.பி. 90, ஜி.எல்.4 தரம், பித்தளை இருப்பதால் ஜி.எல்.5 வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, சின்ன கிரீஸ் கன்னில் எண்ணெய் நிரப்பி, மேல் சீலில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். கன் தன் பங்குக்குப் பாதியை நம் சட்டையில் ஒழுகவிடும். முடிந்ததும் நிப்பிளைக் கழற்றிப் பிளக்கைத் திரும்பப் போடுங்கள். நிப்பிள் கண்ணில் பட்டால் அடுத்த வாட்டர் சர்வீஸ் பையன் கிரீஸ் அடிக்காமல் விடமாட்டான். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை போதும்.

சக்கரம் மாட்டிய பிறகு பன்னிரண்டு, ஆறு மணி நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றால் வீல் பேரிங்; நிற்காவிட்டால் ட்ரன்னியன் அல்லது மேல் பால் ஜாயின்ட்.

ஸ்பானர் பற்றி ஒரு புலம்பல். எல்லாம் அங்குல ஏ.எஃப். அளவு, அதாவது நட்டின் எதிரெதிர் தட்டைப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். அரை அங்குலம் 12.7 மி.மீ.; 13-ஐப் போட்டால் நட் முனை உருண்டுவிடும். ஒன்பது பை பதினாறுக்கு 14 நுழையாது, 15 வழுக்கும். ஒரு நல்ல ஏ.எஃப். ரிங் செட் வாங்கிவிட்டு இந்த வண்டியைத் தொடுங்கள்.

அடுத்து பின்பக்கக் குறுக்குக் கமான் பட்டை. படுத்துவிட்டது, பின்சக்கரம் இரண்டும் விரிந்து நிற்கின்றன. இதற்கு அதே கம்பெனியின் பிந்தைய கெஸல் வண்டியைத் தேடிப் பயனில்லை, அதில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு, லைவ் ஆக்ஸில். பட்டையை எடுத்து வளைவு ஏற்றிப் பதம் போட வேண்டும். ஏற்றும் ஆள் லாரிக் கணக்கில் ஏற்றிவிட்டால் பின்பக்கம் பூனை முதுகாகிவிடும் என்பதால் பலகையில் அச்சு வரைந்துகொண்டிருக்கிறேன்.

அதற்குள் வலது முன்பக்கம் பாக்கி. போல்ட் ஒரு பக்கம் அறுத்தாயிற்று, இன்னொரு பக்கம் பாதியில் நிற்கிறது. லிங்க் எப்படி வருமோ. சிவப்பு டப்பாவில் இன்னும் ஒரு தடவைக்குச் சாயம் இருக்கிறது.