சொந்த ஊர் ஐஸ்

போட்டி நாட்களில் நான் நிற்கும் இடம், ஐஸை வழித்துச் சமப்படுத்தும் ஜம்போனி வண்டி உள்ளே போகிற அகலமான கதவின் ஓரம். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒரு நகரசபை அரீனாவில் பதினேழு வருடங்களாக ஐஸ் பராமரிக்கும் வேலை எனக்கு. வாரநாட்களில் ஹொக்கி, சனி ஞாயிறு காலையில் ஃபிகர் ஸ்கேட்டிங் கிளப், வருடத்தில் இரண்டு மூன்று தடவை வெளியூர்ப் பிள்ளைகளும் வந்து இறங்கும் போட்டிகள். ஒரு குழு முடிந்து அடுத்த குழு வருவதற்குள் ஐஸை வழித்து, சுடுதண்ணீர் விட்டு, உறைய விட வேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, முப்பது வயதுவரை பனியையே காணாத எனக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் மேல் ஆசை வந்தது அங்கே நின்றுதான்.

கூட்டம் என்றதும் எல்லோருக்கும் சத்தம் ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது சூடு. ஹொக்கிக்கு ஐஸ் கெட்டியாக இருக்க வேண்டும், சுமார் மைனஸ் 6 பாகை. ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குக் கொஞ்சம் இளக்கம் வேண்டும், மைனஸ் 3 அல்லது 4. அப்போதுதான் பிளேடின் விளிம்பு கடித்துப் பிடிக்கும், பிளேடின் முன்நுனிப் பற்களைக் குத்தித் தாவ முடியும். அறுநூறு பேர் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய உடம்புச் சூடும் மூச்சின் ஈரமும் ஐஸுக்கு மேலே மெல்லிய புகைபோல நிற்கும். காலையில் கண்ணாடிபோல இருந்த ஐஸ் மத்தியானத்துக்குள் குழைந்துவிடும். அதனால் ஆட்கள் வருவதற்கு முன்பே குளிரைக் கூட்டி வைப்பேன்.

எங்கள் கிளப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழக்கம். எந்த மூலை தாமதமாக உறையும், எந்தப் பக்க விளக்கு கண்ணில் குத்தும் என்று தெரியும். வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. அகலமும் அப்படித்தான். இங்கே ஐஸ் தளங்கள் பெரும்பாலும் 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவில் 30 மீட்டரில் பழகியவர்களுக்குத் தடுப்புச்சுவர் எதிர்பாராத நேரத்தில் கிட்ட வந்து நிற்கும். ஒருவர் வாய் திறந்து கத்துவதற்கு முன்பே சொந்த ஊர்க்காரருக்கு இவ்வளவும் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் சொந்த ஊரில் தோற்பது ஏன் என்பதுதான் என்னை வருடக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

எங்கள் கிளப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள். ஆறு வயதில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவளைப் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று வயதில் அவளுக்கு டபிள் அக்செல், அதாவது காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றும் தாவல், வந்துவிட்டது. பயிற்சியில் பத்துக்கு ஒன்பது சுத்தமாக இறங்குவாள். அந்த வருடம் எங்கள் அரீனாவிலேயே போட்டி. அம்மா, அப்பா, அம்மம்மா, இரண்டு சித்திமார், வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெயர் எழுதிய பெரிய அட்டை வேறு. பெயரை அறிவித்ததும் ஒரு ஆர்ப்பரிப்பு எழுந்தது. எனக்கே புல்லரித்தது. ஆனால் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் நான். வழக்கமாகக் கதவைத் தாண்டும்போது ஐஸைத்தான் பார்ப்பாள். அன்றைக்கு அண்ணாந்து கூட்டத்தைப் பார்த்தாள். முதல் தாவலில் சுற்று பாதியிலேயே அவிழ்ந்து ஒற்றையாக இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டு தடவை விழுந்தாள்.

மூன்று வாரம் கழித்து வேறொரு ஊரில் போட்டி. அம்மா மட்டும்தான் கூடப் போனார். ஒரு பிழையும் இல்லாமல் ஆடி முடித்தாளாம். அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா என்னிடம் வந்து, "அங்க அவளை ஒருத்தருக்கும் தெரியாது அண்ணா, அதான் நல்லாச் செய்தவள்" என்றார். கண் கலங்கியிருந்தது. தாங்கள் அன்போடு போய் உட்கார்ந்ததே பிள்ளைக்குப் பாரமாகிவிட்டதோ என்ற கவலை அவருக்கு.

அவருக்கு 1988 கல்கரி ஒலிம்பிக்கின் கதையைச் சொன்னேன். பிரையன் ஓர்சர் அப்போது உலக சாம்பியன். தொடக்க விழாவில் கனடாவின் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர்தான். நாடு முழுவதும் அவருடைய தங்கத்துக்காகக் காத்திருந்தது. அமெரிக்காவின் பிரையன் பொய்டானோவிடம், ஒன்பது நடுவர்கள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்ததில், மயிரிழையில் தோற்றார். அதே சாடில்டோம் அரங்கில், அதே கூட்டத்துக்கு முன்னால், சில நாள் கழித்து எலிசபெத் மான்லி இறங்கினார். அவர்மேல் யாரும் தங்கத்தைச் சுமத்தியிருக்கவில்லை. கடைசிச் சுற்றில் கிழக்கு ஜெர்மனியின் கத்தரீனா விட்டையும் முந்தி அதில் முதலாவதாக வந்தார், மொத்தத்தில் வெள்ளி. அரங்கம் இடிந்து விழுவதுபோலச் சத்தம். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரே ஐஸ், ஒரே சனம். ஓர்சர் உள்ளே வரும்போதே சனத்தின் ஆசையைச் சுமந்துகொண்டு வந்தார். மான்லிக்கு அது ஆட ஆடத்தான் கிடைத்தது.

ஓர்சர் பிறகு ரொறொன்ரோவில் பயிற்சியாளரானார். கொரியாவின் கிம் யுனாவுக்கும் ஜப்பானின் ஹன்யூ யுசுருவுக்கும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அவர். கொரியா முழுவதையும் தோளில் வைத்திருந்த யுனா, 2010 இல் வன்கூவர் ஒலிம்பிக்கில் 228.56 புள்ளிகளோடு ஜெயித்தபோது, தடுப்புச்சுவருக்கு வெளியே அவரோடு சேர்ந்து துள்ளியது அந்த மனிதர்தான். சொந்த நாட்டின் ஆசையைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை.

2013 மார்ச்சில் உலகப் போட்டி ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துக்கு வந்தது. நான் லீவு போட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் வேலைக்காரன் இல்லை, கூட்டத்தில் ஒருவன். கனடாவின் பட்ரிக் சான் முதல் பகுதியில் 98.37 எடுத்திருந்தார், அப்போது அது உலக சாதனை. இரண்டாம் பகுதியில் இரண்டு தடவை விழுந்தார். விழுந்த ஒவ்வொரு தடவையும் நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம். என் உள்ளங்கை சிவந்துபோனது. கசகஸ்தானின் டெனிஸ் டென் அன்றைக்கு ஆடியதுதான் அருமையான ஆட்டம். இரண்டாம் பகுதியில் அவருக்கு 174.92, சானுக்கு 169.41. ஆனால் மொத்தத்தில் சான் 267.78, டென் 266.48. வித்தியாசம் 1.30.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 1.30 மனதில் கிடந்தது. அதை நாங்கள் கத்திக் கொடுத்தோமா? முதல் பகுதியில் சான் ஒரு குறையும் இல்லாமல் ஆடிச் சேர்த்து வைத்த முன்னிலை அவரைக் காப்பாற்றியது என்பது உண்மை. விழுந்ததற்கு ஒவ்வொரு புள்ளியும், தாவலின் தரத்துக்கு இன்னும் சிலதும் கழித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஸ்கேட்டிங் திறன், இசையோடு இணைவது போன்றவற்றுக்கு நடுவர்கள் தங்கள் மனசுப்படி போடும் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அங்கே விழுந்ததன் சுவடு அவ்வளவாகத் தெரியவில்லை. கூட்டத்தின் கை எட்டுமென்றால் அங்கேதான் எட்டும் என்று நினைக்கிறேன். நான் அன்றைக்குத் தட்டியதற்கு வெட்கப்படவில்லை. ஆனால் டெனுக்கு அந்தளவு தட்டவில்லையே என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது, அதுவும் 2018 இல் அவர் கொலையுண்ட செய்தி வந்த பிறகு.

அதே போட்டியில் கனடாவின் ஐஸ் நடன ஜோடி டெஸ்ஸா வெர்ச்சுவும் ஸ்கொட் மொயரும் ஆடினார்கள். டெஸ்ஸா லண்டன்காரர், ஸ்கொட் பக்கத்து இல்டர்டன். இதைவிடச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டா? அமெரிக்காவின் டேவிஸ், வைட் ஜோடிக்குப் பின்னால் இரண்டாவதாகத்தான் வந்தார்கள். பெண்கள் பிரிவில் யுனா ஜெயித்தபோது உள்ளூர்ப் பாடகர் குழு ஒன்று கொரிய தேசிய கீதத்தைக் கொரிய மொழியிலேயே பாடியது. விருந்தாளிக்காக அந்தப் பாட்டைப் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். அந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

சொந்த ஊர்ச் சாதகம் என்று பேசும்போது வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். நடுவர் தன் நாட்டு ஸ்கேட்டருக்குக் கூடுதலாகப் போடுவது ஒன்று. எரிக் சிட்ஸவிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் மதிப்பெண்களை அலசி அதை எழுதியிருக்கிறார். கூட்டத்தின் சத்தம் நடுவரின் காதில் விழுவது வேறொன்று. 1908 முதல் 1998 வரை ஒலிம்பிக்கில் நடந்த குளிர்கால விளையாட்டுகளை ஆராய்ந்த பால்மர், நெவில், வில்லியம்ஸ் மூவரும், மனித நடுவர்கள் மதிப்பெண் போடுகிற விளையாட்டுகளில்தான் சொந்த மண்ணின் பலன் கூடுதலாகத் தெரிகிறது என்று கண்டார்கள். 2002 இல் சோல்ட் லேக் சிற்றியில் ஜோடிப் பிரிவுத் தீர்ப்பு பெரிய ஊழலாக வெடித்ததும் 6.0 ஐ உச்ச மதிப்பெண்ணாகக் கொண்ட பழைய முறையையே தூக்கிவிட்டார்கள். இப்போது ஒன்பது நடுவர்களில் ஒவ்வொரு அம்சத்துக்கும் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுக்கிறார்கள். ஒருவர் மட்டும் சாய்ந்தால் அது பிடிக்கும். ஒன்பது பேரின் காதிலும் ஒரே சத்தம் விழுந்தால் அது என்ன செய்யும்?

2014 சோச்சி ஒலிம்பிக்கில் பெண்கள் தங்கத்தைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ரஷ்யாவின் அடெலினா சொட்னிகோவா 224.59, யுனா 219.11. சொட்னிகோவா செய்தது கடினமான ஆட்டம், மூன்று சுற்றுத் தாவல்கள் ஏழு, யுனாவுக்கு ஆறு. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கலையம்சத்துக்கான பட்டியலில் யுனாவுக்கு 74.50, சொட்னிகோவாவுக்கு 74.41. அந்த இரவில் இருவரும் அதில் ஏறக்குறைய சமம் என்று எனக்கு என்றைக்கும் தோன்றியதில்லை. எல்லோரும் இந்தத் தங்கத்தையே பேசுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பது யூலியா லிப்னிட்ஸ்கயா. பதினைந்து வயது. பத்து நாள் முன்னர் குழுப் போட்டியில் ஆடி அரங்கத்தையே எழுப்பி நிறுத்தியவள். தனிப்போட்டியில் இரண்டு நாளும் விழுந்து ஐந்தாவதாக வந்தாள். ஒரே நாடு, ஒரே கூட்டம், இரண்டு பெண் பிள்ளைகள். கல்கரியில் நடந்ததுதான் திரும்பவும்.

அப்புறம் கொரோனா வந்தது. 2021 உலகப் போட்டியை ஸ்டொக்ஹோமில் பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். அமெரிக்காவின் நேதன் சென் முதல் பகுதியில் விழுந்து மூன்றாமிடத்தில் இருந்து, அந்த வெறும் அரங்கில் மேலே ஏறி ஜெயித்தார். தூக்கிவிடக் கூட்டமும் இல்லை, அமுக்கக் கூட்டமும் இல்லை. எங்கள் அரீனா திரும்பத் திறந்தபோது பெற்றோர்கள் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தார்கள். உள்ளே பிளேடு ஐஸைக் கிழிக்கும் சத்தம் மட்டும். ஒரு பிள்ளை நல்லதாக ஒரு தாவல் இறங்கிவிட்டுப் பழக்கத்தில் இருக்கைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் இல்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினேன்.

கூட்டத்தின் அன்பு ஐஸில் விழுந்து கிடப்பதும் உண்டு. 2019 இல் ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகப் போட்டியில் ஹன்யூ ஆடி முடித்ததும் பொம்மைக் கரடிகள் மழைபோலக் கொட்டின. அவற்றைச் சிறுவர்கள் பொறுக்கி முடியும்வரை காத்திருந்துவிட்டு, ஜப்பானியக் கூட்டத்தின் நடுவில் நேதன் சென் ஆடி 216.02 எடுத்து ஜெயித்தார். அந்த ஜப்பானிய ரசிகர்கள் அவருக்கும் மனதாரத் தட்டினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அரீனாவில் நடந்தது ஞாபகம் வந்தது.

எங்கள் பிள்ளை ஒருத்திக்கு வீசிய பொம்மையிலிருந்து ஒரு மணி கழன்று ஐஸில் கிடந்திருக்கிறது. மிளகளவு இருக்கும். பொறுக்கிய பிள்ளைகளும் காணவில்லை, நானும் காணவில்லை. அடுத்து வந்த வெளியூர்ப் பையனின் பிளேடு அதில் ஏறியது. வேகத்தோடு போய்த் தடுப்பில் மோதி விழுந்தான். ஒரு கணம் அரீனாவே மூச்சை அடக்கியது. பிறகு அவன் எழும்ப எழும்ப, அதுவரை எங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் கத்திக்கொண்டிருந்த சனம் முழுதும் எழுந்து நின்றது. இசைக்கு ஏற்பத் தட்டத் தொடங்கி, அவனுடைய வேகத்துக்கு அது முந்திப் போகிறது என்று உணர்ந்ததும் தானாகவே நிறுத்தி அவனை ஆட விட்டது. முடித்துவிட்டு என் கதவு வழியாகத்தான் வெளியே வந்தான். "மன்னித்துக்கொள் தம்பி, அது நான் பார்த்திருக்க வேண்டியது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டினான். அடுத்த நாளே நான் கேட்டதன்பேரில் பொம்மைகளை வாசலில் ஒரு மேசையில் வாங்கி வைக்கும் வழக்கம் வந்தது. ஐஸில் எதுவும் வீசக் கூடாது.

அடுத்த வருடம் திரும்பவும் எங்கள் அரீனாவில் போட்டி. அந்த அம்மா முதல் நாளே வந்து, "எங்கட ஆக்களை எங்க இருத்தலாம் அண்ணா?" என்று கேட்டார். மகள் இசைக்காகக் காத்து நிற்கும்போது அவளுடைய முதுகுப் பக்கம் வருகிற மூலையைக் காட்டினேன். அங்கேதான் இருந்தார்கள். அட்டை இல்லை. அம்மம்மாவின் மடியில் ஒரு போர்வை மட்டும். பெயரை அறிவித்ததும் கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவள் ஐஸைப் பார்த்துக்கொண்டே கதவைத் தாண்டிப் போனாள். டபிள் அக்செலில் ஒரு கை ஐஸில் பட்டது, ஆனால் நின்றுவிட்டாள். கடைசிச் சுழற்சி தொடங்கும்போதுதான் அந்த மூலையிலிருந்து சத்தம் வந்தது, முடியும்வரை நிற்கவில்லை. நான்காவது இடம்.

அந்தக் குழு முடிந்து வண்டியை உள்ளே எடுத்தேன். அவள் இறங்கிய இடத்தில் வளைவாக ஒரு கோடும் பக்கத்தில் கையுறை தேய்த்த தடமும் இருந்தன. கொஞ்சம் சுற்றிப் போய், அதைக் கடைசியாக வழித்தேன்.